கேட்காமல் வந்த கிண்ணம்

பெப்ரவரி 10, செவ்வாய்

உறைமழை. கார்க் கண்ணாடி சுரண்டியே கை விறைத்துப் போயிற்று. ஆய்வுகூடத்துக்கு இந்தக் கிழமை முழுக்க லீவு சொல்லியாயிற்று.

வாங்க: உதட்டுக் களிம்பு (அம்மா), பால், பூட்ஸுக்கு லேஸ்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னை அறைக்கு வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவுக்கு இந்தக் கிழமை தாண்டாது. அம்மா மூன்று நாளாக வாய் திறந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

பின்னேரம் பங்குச் சுவாமி நோயில் பூசுதலுக்கு, சாகக் கிடப்பவர்களுக்குச் செபித்துப் பூசும் எண்ணெயோடு, வந்தார். அம்மா கண்ணைத் திறந்தார். "பொறுங்கோ சுவாமி. மகன் வரட்டும்." சுவாமி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த எண்ணெயில் நம்பிக்கை இல்லை. அம்மாவுக்கு அதைத் தவிர வேறொன்றிலும் நம்பிக்கை இல்லை.

மகன் என்றால் என் தம்பி ஜெறாட். மனைவியை விட்டு வேறொருத்தியோடு போனவன். அப்பாவின் அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கக் குனிந்தவனை அம்மா கோயில் வாசலில், ஊரே பார்க்க, "நீ என்ரை பிள்ளை இல்லை, கையை எடு" என்றார். எடுத்தான். போனான். நம்பரையும் மாற்றிவிட்டான். ஆறு வருடம்.

சுவாமி போனபின் அம்மா: "வாசலிலை சொன்னதை நானே திருப்பி எடுக்கோணும். எழும்ப ஏலாமல் கிடக்கிறன். நீ போய்க் கூட்டிக்கொண்டு வா."

எங்கே போய்?

இரவுச் சாப்பாட்டின்போது மகள் அனிற்றா சொன்னாள், போன மாதமே கண்டிருக்கிறாள். டவுன்ரவுனில் ஒரு ஜப்பானியக் குடிசாப்பாட்டுக் கடை, இசக்காயா. சிநேகிதிகளோடு போனவள். "மாமாதான் அம்மா, ஷுவர். கிறில்லிலை நிண்டு கோழி வாட்டுறார்." ஏன் அப்போதே சொல்லவில்லை என்றேன். "நீங்கள் அழுவீங்கள் எண்டு." நான் எப்போது அழுதேன்?

பெப்ரவரி 11, புதன்

மில்லிக்கன் ஸ்ரேசனில் காரை விட்டு ரெயின். அனிற்றா ஆஸ்பத்திரியில், அம்மாவோடு.

கதவைத் திறந்ததும் கடையே சேர்ந்து கத்தியது. "இரஷ்ஷாய்மசே." வாருங்கள் என்று அர்த்தமாம். வருகிற ஒவ்வொருவருக்கும் வேலையாட்கள் எல்லாரும் கத்தியாக வேண்டும், அடுப்பில் நிற்பவனும். எல்லாரும் முடித்தபின் ஒரு குரல் அரைமூச்சுப் பிந்தி வந்தது. கோயில் பாடற்குழுவிலும் ஜெறாட் அப்படித்தான். மாஸ்ரர் அதற்காகவே குட்டுவார்.

அவன் என்னைப் பார்த்துத்தான் கத்தினான். முகம் மாறவில்லை.

கவுண்டரில் இருத்தினார்கள். கரிப்புகை, ஸ்பீக்கரில் மேளச் சத்தம், பக்கத்தில் அலுவலகக் கூட்டம் ஒன்று பியர்க் கிளாஸ்களை முட்டிக்கொண்டு. இருந்தவுடனே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ கீரை. நான் கேட்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். வேலை செய்யும் பெண் (மிகா, மாணவி, இருபது இருக்கும்) சிரித்தாள். இங்கே அப்படித்தான், இருந்தால் ஒன்று வரும்.

"ஜெறாட்" என்றேன். மேளத்தில் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை திரும்பினான். ஆங்கிலத்தில், எல்லாரிடமும் கேட்பதுபோல்: "என்ன குடிக்கிறீங்கள், மேம்?"

மேம்.

தேத்தண்ணீர் என்றேன். தலைமயிர் கொட்டிவிட்டது அவனுக்கு. முன்கையில் சூட்டுத் தழும்புகள்.

பெப்ரவரி 12, வியாழன்

அம்மா: "கண்டனியோ?" ஓம். "என்ன சொன்னவன்?" வேலையாய் நிண்டவன் அம்மா. நம்பவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

மறுபடி கடை. இன்று அவன் உட்குசினியில். மிகாவிடம் சொன்னேன், அவருடைய அம்மா சாகக் கிடக்கிறார், அதை மட்டும் சொல். போனாள். வந்தவள் மேசையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். பிறகு மெதுவாக, தனக்கு அம்மா இல்லை என்று ஜெரி (இங்கே அவனுக்கு அதுதான் பெயர்) சொல்கிறார் என்றாள். மன்னியுங்கள் என்றாள். அன்று வாசலில் அம்மா சொன்னதற்கு இந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்கிறாள்.

ரெயினில் வரும்போது ஒரே யோசனை. இவ்வளவு படித்து என்ன, ஒருவனை ஒரு கதவுக்கு வெளியே கூப்பிடத் தெரியவில்லை.

பெப்ரவரி 13, வெள்ளி

தாதி: சிறுநீர் குறைந்துவிட்டது. கால் குளிர்கிறது. இது எதன் அடையாளம் என்று எனக்குத் தெரியும்.

சுவாமி ஃபோன். வரவா? அம்மா தலையை ஆட்டினார், இல்லை.

கடை நிரம்பி வழிந்தது. குடிக்காவிட்டால் கவுண்டரில் இருக்க விடமாட்டார்கள்போல் இருந்தது. சாக்கே என்ற அரிசி மது சொன்னேன். சின்னக் கிளாஸை மரப்பெட்டிக்குள் வைத்து, நிரம்பி வழிய வழிய ஊற்றினாள் மிகா. வழிகிறது, நிறுத்து என்றேன். வழியத்தான் வேண்டுமாம், தாராளத்துக்கு. கிளாஸைக் குடித்தேன். பெட்டியில் வழிந்ததையும் குடித்தேன். அரிசி மணம், பிறகு சூடு.

அவன் கிறில்லில், முதுகு எனக்கு. இங்கே எல்லாரும் கத்துகிறார்கள். ஓடர் கொடுப்பவர்களும் கத்துகிறார்கள், எடுப்பவர்களும். மெதுவாகப் பேசுகிறவள் நான் ஒருத்தி. எழும்பி நின்றேன். என் குரல் இவ்வளவு பெரியதென்று எனக்குத் தெரியாது.

"ஜெறாட், அம்மா போகப்போறா. அப்பா கிடந்த அதே ஆஸ்பத்திரி, ஆறாம் மாடி. நீ வருமட்டும் எண்ணெய் பூச விடமாட்டன் எண்டு கிடக்கிறா."

ஓடர் என்று நினைத்தார்கள். கடை முழுக்க ஒரே குரலில் "ஹாய்" என்றது. ஜப்பானிய மொழியில் அது 'ஓம்'; யார் ஓடர் சொன்னாலும் அப்படித்தான் ஏற்பார்கள். பக்கத்து மேசைக்காரன் எனக்குக் கைதட்டினான்.

பிந்தி வரும் அந்தக் குரலுக்குக் காத்து நின்றேன். வரவில்லை. அதனால்தான் தெரிந்தது, அவனுக்குக் கேட்டிருக்கிறது.

கோழி கருகியும் அவன் திரும்பவில்லை.

பெப்ரவரி 14, சனி

காதலர் தினம். ரெயின் முழுக்கப் பூங்கொத்து. ஏன் போனேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் இருந்து என்ன செய்ய, மூச்சை எண்ணவா?

இடமில்லை, சோடி சோடியாக வாசல்வரை நின்றார்கள். குரல் வந்தது, பிந்தி. கிறில்லில் நிற்கிறான். நான் கதவோரம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மிகா ஒரு கடதாசிப் பை கொண்டுவந்தாள். கேட்கவில்லையே என்று சொல்லத் தொடங்கி, நிறுத்தினேன். உள்ளே மூடி போட்ட கிண்ணம், துவாயால் சுற்றி. சூடு.

அடித்த முட்டையை மீன் அவித்த தண்ணீரில் கலந்து ஆவியில் அவிப்பது என்றாள் மிகா. விழுங்கத் தேவையில்லை, தானாக இறங்கும். வழக்கமாக இறால், காளான் எல்லாம் போடுவார்களாம். இதில் ஒன்றும் இல்லை, வெறும் முட்டை.

மடியில் வைத்துக் கோட்டால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரி. அனிற்றா தலையணையை உயர்த்தினாள். ஒரு கரண்டி. வாய் திறந்தார். இன்னொன்று. இன்னொன்று.

"ஆர் செய்தது?"

"ஜெறாட்."

அம்மா நாக்கால் உதட்டைத் தடவினார். "உப்புப் போடப் பயப்பிடுறான்" என்றார். பிறகு, "கிண்ணம் வந்திட்டுது. ஆள் எங்கை?"

பெப்ரவரி 15, ஞாயிறு

வெயில், ஆனால் கடுங்குளிர். அனிற்றாவுக்குச் செவ்வாய்க்கிழமை பரீட்சை, வீட்டில் விட்டேன். அம்மா நித்திரை, மூச்சு ஒரே சீராக இருந்தது. தாதியிடம் சொன்னேன், இரண்டு மணித்தியாலம், தம்பியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இன்று கவுண்டரைத் தாண்டிப் போய்க் கையைப் பிடித்து இழுப்பதென்ற முடிவு. கழுவிய கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டேன்.

மிச்சத்தை ரெயினில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

கடை திறந்து கொஞ்ச நேரந்தான். கதவைத் திறந்தேன். இரஷ்ஷாய்மசே. நின்றேன். பிந்திய குரல் இல்லை. கிறில்லில் வேறொரு பொடியன்.

மிகா ஓடிவந்தாள். ஜெரி வரவில்லை, அம்மாவிடம் போகிறேன் என்று மத்தியானம் ஃபோன் எடுத்தாராம். உங்களுக்குத் தெரியாதா?

ஃபோனைப் பார்த்தேன். கைப்பையின் அடியில், சத்தத்தை அணைத்தபடி. ஆஸ்பத்திரியில் இருந்து மூன்று அழைப்புகள். நடைபாதையில் நின்று திருப்பி எடுத்தேன். தாதி வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். நான் வெளிக்கிட்டுச் சிறிது நேரத்தில் தம்பி வந்திருக்கிறான். அவனே சுவாமியைக் கூப்பிட்டிருக்கிறான். அம்மா கண் திறந்தார், அவன் கையைப் பிடித்தபடி ஏதோ சொன்னார், தமிழில், தாதிக்கு விளங்கவில்லை. சுவாமி எண்ணெய் பூசி முடிக்கும்வரை அம்மாவின் மூச்சு இருந்தது, பிறகு நின்றுவிட்டது. வலி இருக்கவில்லை என்றார் தாதி. அதை இரண்டு தரம் சொன்னார்.

நான் அப்போது எங்கே? யூனியன் ஸ்ரேசனில் படியேறிக்கொண்டு. ஒவ்வொரு நாளும் பக்கத்தில் இருந்தவள்.

கிண்ணம் இன்னும் பையில். மிகாவிடம் கொடுக்க மறந்துவிட்டேன்.

தாதி ஃபோனை யாரிடமோ கொடுத்தார். மூச்சுச் சத்தம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அரைமூச்சுப் பிந்தி அவன் பேசினான்.

"அக்கா. அவசரப்படாமல் ஆறுதலா வாங்கோ."