சுத்தமாகத் தெரிந்த இடம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது, இல்லை, அம்மா சொல்லுவது. வீட்டில் எல்லோரும் நலம், அப்பாவின் இருமல்கூடக் குறைந்துவிட்டது, நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்தது முதல் படுக்கும்வரை என் நினைப்பு. கையெழுத்து உன் தங்கையுடையது. ஓடை வேலையில் என் வலது கட்டைவிரல் மரத்துக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிவிட்டது, எலும்புக்கு ஒன்றுமில்லை, நீ அங்கிருந்து பதறாதே. என் பேச்சை அப்படியே எழுதடி என்றால் இவள் இலக்கணம் பார்த்துத் திருத்துகிறாள்.

விரல் பெரிய விஷயம் இல்லை, அன்று கால் வைத்ததுதான் என்னைத் தின்கிறது. பாலத்துக்குக் கீழே உள்ள ஓடையை மூன்று வருடமாக நம் தெருக்காரர்கள் சேர்ந்து சரிசெய்வது உனக்குத் தெரியும். டிரவுட் மீனுக்குக் குளிர்ந்த, தெளிந்த தண்ணீர் வேண்டும், கரையில் நிழல் போய் மண் சரிந்த பிறகு ஒன்றுகூட வரவில்லை. செடி நட்டோம், ஓட்டம் தணிய மரத்துண்டுகளைக் கிடத்தினோம், இந்த வருடம்தான் நாலைந்து மீன் மேலேறி வந்தன, அதுவும் நாங்கள் நினைத்ததற்குப் பத்து நாள் முந்தியே. அது தெரியாமல் கடைசி மரத்தை இறக்கினோம். வழுக்காத இடமாப் பாத்து நில்லுங்க என்றார் எங்களுக்குத் தலைவியான மருந்துக்கடை அக்கா. ஓடை முழுக்கப் பாசிக் கல், ஓரிடத்தில் மட்டும் பாய் அகலத்துக்குக் கூழாங்கல் கழுவிப் பரப்பியதுபோல் இருந்தது. அங்கேயே ஊன்றி ஒரு மணி நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் தங்கை முகம் மாறி, நூலகப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பெண் மீன் வாலால் கல்லைப் புரட்டிக் குழி பறித்து முட்டையிட்டு மூடுமாம், அப்படிப் புரட்டியதால்தான் அந்த இடம் பளிச்சென்று தெரியுமாம். நான் ஒரு மணி நேரம் நின்றது அந்த முட்டைகள்மேல்.

சொல்லிவிடலாம் என்று மறுநாள் போனால், அதற்குள் கலைந்த கல்லைப் பார்த்து, பேக்கரிக்காரர் நாயின் வேலை என்று முடிவுகட்டிவிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். மனுஷர் கோபித்துக்கொண்டு வருவதையே நிறுத்திவிட்டார், பாதி மரத்தைச் சுமந்தவர் அவர். ரொட்டி வாங்கப் போனால், ஏம்மா, என் நாய் எப்போ பூட்ஸ் போட ஆரம்பிச்சுது, கரைச் சேத்துல தடம் பாத்தேனே என்று சிரிக்கிறார். ரொட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன். எட்டு நாள் இப்படி. ஒன்பதாம் நாள் மருந்துக்கடையில் கூட்டம் குறையும்வரை நின்று, மிதிச்சது நான்தான் அக்கா என்றேன். அவர் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியைக் கீழே வைத்தார். அங்க நிக்கச் சொன்னது நான்தானே, எனக்கே தெரியலையே என்றார். இருவரும் சேர்ந்து பேக்கரிக்குப் போனோம். எங்கிட்ட ஏன் சொல்றீங்க, அவன்கிட்ட சொல்லுங்க என்று நாயைக் காட்டினார் அவர். சொன்னோம், வேறென்ன செய்வது. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார், பளிச்சென்று இருக்கும் இடங்களைச் சுற்றிக் குச்சி நட்டதே அவர்தான்.

ஆனால் முட்டை பிழைத்ததா என்று யாருக்கும் தெரியாது. தோண்டிப் பார்த்தால் மிச்சமும் போய்விடுமாம். குஞ்சு வெளிவர இன்னும் இரண்டு மாதம் ஆகும், அதுவரை பாலத்தில் நின்று எட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

உன் கடைசி நாலு கடிதத்தையும் நேற்று மறுபடி படிக்கச் சொன்னேன். அறை நல்லா இருக்கு, வேலை நல்லா இருக்கு, உடம்பு நல்லா இருக்கு. ஒரு தூசி இல்லை, ஒரு குறை இல்லை. முன்பெல்லாம் நிம்மதியாக மடித்து வைப்பேன், இப்போது அப்படிச் சுத்தமாக இருப்பதைப் பார்த்தாலே கால் கூசுகிறது. அடியில் என்ன இருந்தாலும் எழுது, நான் மிதிக்க மாட்டேன்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, குளிர் ஆகாது உனக்கு. எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். பதிலை இந்த வாரமே அனுப்பு.

உன்
அம்மா

(அண்ணா, அம்மா தினமும் இரண்டு தடவை பாலத்துக்குப் போகிறார்கள். எழுதாதே என்றார்கள், எழுதிவிட்டேன்.)