இரண்டு ஷிப்ட், ஓர் உயிர்

நேற்று வங்கியில் ஒரு பெண் என் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் @ என்ற அந்தச் சுழித்த குறி திரையில் விழுந்ததும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். "என்ன மேடம்?" என்று நிமிர்ந்தாள். ஒன்றுமில்லை என்றேன். வயசான பொம்பளை தானாகச் சிரிக்கிறாளே என்று நினைத்திருப்பாள், நினைத்துக்கொள்ளட்டும். ஊருக்கெல்லாம் அது முகவரிக் குறி. உனக்கும் எனக்கும் மட்டும் அது ஓர் ஆள். நாம் இருவரும் சேர்ந்த ஒரே ஆள்.

ஓசூரில் நம் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். எண்பதுகளின் கடைசி அது. பீரோ அளவுக்கு ஒரு மெஷின், அதோடு கோத்த பச்சை எழுத்துத் திரைகள். வந்த சரக்கையும் போன சரக்கையும் அதில் ஏற்றுவது நம் வேலை. உனக்குக் காலை ஷிப்ட், எனக்கு மதிய ஷிப்ட். உனக்கு உத்தனப்பள்ளி, தக்காளி போடுகிற குடும்பம், வீட்டில் தெலுங்கு. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவள். நீ எழுந்தால்தான் நான் உட்கார முடியும், நாற்காலி ஒன்றுதான். அந்த மாற்றத்துக்கான கால் மணி நேரம் தவிர நாம் சேர்ந்து இருந்ததே கிடையாது. என் பேச்சைக் கேட்டு நீ முதல் நாளே சிரித்தாய். "உங்க ஊர்ல எல்லாரும் இப்படி இழுத்து இழுத்துதான் பேசுவீங்களா?" என்றாய். "ஏட்டி, உனக்கு மூணு பாஷை தெரிஞ்சு என்ன, ஒண்ணாவது உருப்படியா வருதா?" என்றேன் நான். அப்படித்தான் ஒட்டிக்கொண்டோம்.

பெங்களூரிலிருந்து மெஷினைப் பார்க்க வரும் இன்ஜினியர் ஒருநாள் ஒரு விளையாட்டை அதில் ஏற்றிவிட்டுப் போனார். அதில் படம் கிடையாது, சத்தம் கிடையாது. எல்லாமே எழுத்து. புள்ளி என்றால் தரை. கோடு என்றால் சுவர். @ என்றால் நாம். ஆங்கிலப் பெரிய எழுத்து எது நகர்ந்து வந்தாலும் அது பூதம், நம்மைத் தின்ன வருகிறது. சதவீதக் குறி இருந்தால் அது படிக்கட்டு, அதன்மேல் நின்று உரிய விசையை அழுத்தினால் அடுத்த தளம். இருபதுக்கும் மேற்பட்ட தளங்கள் பூமிக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் தாயத்தை எடுத்துக்கொண்டு திரும்ப மேலே ஏறி வர வேண்டும். ஒரே உயிர்தான். செத்தால் முதலிலிருந்து.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் அவர் சொன்னார். அந்தக் குகையை யாரும் வரைந்து வைக்கவில்லை. நாம் படி இறங்குகிற அந்த நொடியில் மெஷின் புதிதாக வரைகிறது. விட்டு வந்த தளம் அதோடு அழிந்துவிடும், இன்னொரு முறை வராது. இதைக் கேட்டு நீ வாயைப் பிளந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அப்போ இத செஞ்சவனுக்கே தெரியாதாடி, அடுத்த ரூம்ல என்ன கீதுன்னு?"

"தெரியாதாம்."

"அய்யோ ராமா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாய். எனக்கும் கை கூசிற்று. நம் விரல் பட்டுப் பிறக்கிற அறை, யார் கண்ணும் படாத அறை. சரக்குக் கணக்கு அடிக்கிற அதே திரையில்!

சாப்பாட்டு இடைவேளையில் நீ ஆடுவாய், டீ இடைவேளையில் நான் ஆடுவேன். முதலில் ஆளுக்கொரு ஆட்டம் வைத்துக்கொண்டு இருவரும் மாறி மாறிச் செத்தோம். ஒரு உயிரை இருவரும் காப்பாற்றினால் என்ன என்று கேட்டவள் நீதான். தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும்போது மெஷினின் நிலவரத்தைச் சொல்லி ஒப்படைப்பார்கள் அல்லவா? அதே மாதிரி நீ ஆட்டத்தை விட்ட இடத்தில் மெஷினில் சேமித்து வைத்துவிட்டு, அந்த உயிரை எனக்கு ஒப்படைப்பாய். எங்கே அடிபட்டது, பையில் சாப்பாடு இருக்கிறதா, எந்தக் கதவைத் திறக்கக் கூடாது, எந்த அறையைப் பார்த்து அசந்துபோனாய், எல்லாம் வாயாலேயே சொல்வாய். பூதங்களைத் திட்டுவது தெலுங்கில், சாமியை வேண்டுவது கன்னடத்தில், எனக்குச் சொல்வது மட்டும் தமிழில். கடைசியில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உசுரோட குடுத்துட்டேன், ஜாக்ரத்த," என்பாய். அதைக் கேட்காமல் நான் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

தாயத்தை எடுத்தது என் ஷிப்டில். மறுநாள் சொன்னபோது நீ குதிக்கவில்லை. "எறங்குறது யாரு வேணா எறங்கலாம். இனிமே தான்டி இருக்குது," என்றாய். அதற்குள் இடி விழுந்தது. பழைய மெஷினைத் தீபாவளிக்கு முன்னால் தூக்கிவிட்டுப் புதுசு வைக்கப் போகிறார்கள் என்று செய்தி. மெஷின் போனால் அந்த உயிரும் உள்ளேயே போய்விடும். அதுவரை விளையாட்டாக இருந்தது, அன்றிலிருந்து பொறுப்பாகிவிட்டது. ஒரு பச்சைக் குறிக்காக இப்படித் தவிப்பார்களா என்று யாராவது கேட்கலாம். ஆனால் தவித்தோம்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்டோர்ஸில் இருந்த பெரியவர் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், நம் திரைக்கு நெற்றி எது என்று தெரியாமல் கண்ணாடியின் நடுவிலேயே கட்டைவிரலால் அழுத்திவிட்டார். பூஜையில் வைத்த பொட்டை யார் துடைப்பார்கள்? அதுவாக உதிரட்டும் என்று விட்டுவிட்டோம். வேலையில் எண் மறைந்தால் ஒரு வரி மேலே தள்ளிப் படித்துக்கொண்டோம்.

அதற்கடுத்த வாரம் ஒரு தளத்தில் மாட்டிக்கொண்டோம். எல்லா அறையும் பார்த்தாயிற்று, படிக்கட்டு இல்லை. ரகசியக் கதவு இருக்குமோ என்று சுவர் சுவராகத் தடவினேன். பையில் சாப்பாடு தீர்ந்தது. பசியில் ஆள் தளர்ந்துவிட்டான் என்று கீழ் வரி காட்டியது. அடுத்த நாள் சீக்கிரமே வந்து, உன் ஷிப்ட் முடிகிற நேரத்தில் உன் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மெஷின் படி வைக்க மறந்துட்டுட்டி. அவ்வளவுதான், முடிஞ்சுது."

நீ திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு மெதுவாக, "சாமிக்குப் பின்னாடி போய்ப் பாத்தியா?" என்றாய்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. பொட்டு மறைத்த இடத்தில் என்ன இருக்கிறது என்று நாம் இருவருமே பார்க்கவில்லை. கர்ச்சீப்பை எடுத்தேன். "பேடா, பேடா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். "தொடைக்காத. நடந்தே போலாம்."

"அங்க பூதம் உக்காந்திருந்தா? இருக்கிற தெம்புக்கு ஒரே அடிதான்."

"இருந்தா இருக்கட்டும். வேற எங்கடி போறது?"

நம் ஆள் புள்ளி புள்ளியாக நடந்து குங்குமத்துக்குள் நுழைந்து மறைந்தான். திரையில் நாம் இல்லை. நீ ஒவ்வொரு அடிக்கும் ஏறும் விசையை அழுத்திப் பார்த்தாய். இங்கே வழி இல்லை என்று மேல் வரி சொன்னது. இன்னொரு அடி. இங்கேயும் இல்லை. உன் உதடு கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தது. இன்னொரு அடி.

திரை முழுக்க அழிந்தது. செத்தோம் என்றே நினைத்தேன். அப்புறம் சிவப்புப் பொட்டைச் சுற்றி, பச்சைப் பச்சையாக, புதுத் தளம் ஒன்று விரிந்தது. காலடியிலேயே சாப்பாடு. நாம் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். எத்தனையோ கோயிலுக்குப் போயிருக்கிறேன். அப்படி ஒரு சிலிர்ப்பு எனக்கு எங்கேயும் வந்ததில்லை.

அதன்பின் நீ கொஞ்சம், நான் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்தோம். மெஷினை நிறுத்துவதற்கு முந்தின நாள், ஷிப்ட் மாறும் நேரத்தில், கடைசிப் படிக்கு வந்து சேர்ந்திருந்தாய். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஒருநாளும் பஸ்ஸைத் தவறவிடாதவள் அன்று எழுந்திருக்கவில்லை. "ரெண்டு பேரும் சேந்து அமுக்கலாம்," என்றாய். உன் விரல்மேல் என் விரலை வைத்தேன். வெளிச்சத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நீ புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். "வெளிய வந்துட்டான்டி," என்றாய், பெற்ற பிள்ளையைச் சொல்வது போல.

போன தை மாதம் உன் காரியத்துக்கு உத்தனப்பள்ளி வந்திருந்தேன். மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றபோது, நீங்கள் யார் என்று கேட்டார்கள். கூட வேலை பார்த்தவள் என்றேன். வேறு என்ன சொல்ல?

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் இது தோன்றியது. அந்தக் குகையைச் செய்தவன் பார்த்ததில்லை. வரைந்த மெஷின் எந்தக் காயலான் கடைக்குப் போயிற்றோ தெரியாது. பார்த்தவர்கள் உலகத்தில் நாம் இரண்டே பேர். அதிலும் உன் ஷிப்டில் நீ கடந்த தளங்களை நான் பார்த்ததே இல்லை, நீ சொல்லிக் கேட்டதுதான். கதவே இல்லாத அறை ஒன்றில் தங்கம் குவிந்து கிடந்தது என்றாய். இருட்டறை ஒன்றில் பூதம் தூங்க, அதை எழுப்பாமல் ஓரமாகவே நடந்து வந்தேன் என்றாய். நீ மட்டும் கண்ட அந்த அறைகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை.