அம்மா கட்டிய காப்பு

மார்ச் 13
விடிந்தும் பனிமூட்டம். ராணுவ ஆஸ்பத்திரி ஜன்னலில் எதிர்க் கட்டடமே தெரியவில்லை. இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் மேஜர் மேடம் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் குறைகிறது என்றார். நேற்றும் அதையேதான் சொன்னார்.

சாப்பாடு: கஞ்சி, அவித்த உருளைக்கிழங்கு, குளுக்கோஸ் தண்ணீர். எண்ணெயைக் கண்ணில் காட்டுவதில்லை.

சாயந்திரம் இந்த ஊர்ப் பெண்கள் சிலர் பழக்கூடையோடு வந்தார்கள். கட்டில் கட்டிலாக நின்று, எங்கே அடிபட்டது என்று விசாரிப்பு. பக்கத்துக் கட்டில் அப்பாராவுக்குக் காலில் குண்டுச் சில்லு. போர்வையை விலக்கிக் காட்டினார். என்னிடம் வந்தபோது காமாலை என்றேன். அந்த அம்மாள் முகம் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் ஆப்பிள் கொடுத்தார்.

எல்லையில் சண்டை. யூனிட் முழுக்க அங்கே. பதுங்கு குழியில் கெட்ட தண்ணீரைக் குடித்து, ஒரு தோட்டா சுடாமல் இங்கே வந்து படுத்திருப்பவன் நான். வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. அங்கேதான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 15
வெயில் கொஞ்சம். சட்டையில் பொத்தான் இல்லை, கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே நீல உடுப்பு. எனக்குக் கொடுத்தது தொளதொள.

அப்பாராவ் ஆந்திராக்காரர். ராஜபாளையத்தில் பள்ளிக்கூடத்து நண்பர்களிடம் பழகிய என் தெலுங்கில் பேசினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ஈ தெலுகு எக்கட நேர்ச்சுகுன்னாவு?" எங்கே கற்றேன் என்று கேட்கிறார். எங்கள் பக்கம் இப்படித்தான் பேசுவார்கள் என்றேன். சிரிக்கட்டும். பேச ஒரு ஆள் இருக்கிறாரே.

யூனிட் குரூப்பில் ஒரு செய்தியும் இல்லை. போனை எல்லாம் வாங்கி வைத்திருப்பார்கள்.

மார்ச் 16
லட்சுமி பேசினாள். ராஜபாளையத்தில் மில் விட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"ஏங்க, அத்தை காப்புக் கட்டிட்டாக. பூக்குழி எறங்கப் போறாகளாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? நீங்க சண்டையிலருந்து நல்லபடியா திரும்பணும்னுதான்."

"கால் புண்ணு?"

"எங்க ஆறுது. பெருவெரலுக்குக் கீழ அப்படியே இருக்கு. சுகர் டாக்டரு செருப்பில்லாம வாசல்லகூட எறங்கக் கூடாதுன்னுருக்காரு. அவிய கேட்டாத்தானே."

சர்க்கரைக் கால். அதில் அம்மா தீ மிதிக்கப் போகிறாள். சித்தப்பாவுக்கு இதே சர்க்கரைதான், ஒரு முள் குத்தி முழங்கால்வரை எடுத்தார்கள்.

மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டிவிட்டால் இறங்கியே தீர வேண்டும். யார் சொல்லியும் அவிழ்க்க மாட்டாள். படுத்தால் அந்தக் கால்தான் கண்முன் வருகிறது.

மார்ச் 17
கஞ்சியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்ததில் ஒரு வழிதான். சண்டையில் இருக்கிறான் என்றுதானே நேர்ந்தாள்? சண்டையிலேயே இல்லை, ஆஸ்பத்திரியில் பத்திரமாகப் படுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டால்? வேண்டுதலுக்கே வேலை இல்லை. அழுவாள். திட்டுவாள். கால் தப்பும்.

பொத்தான் கிடைத்தது. வேறு நிறம்.

மார்ச் 18
சொல்லிவிட்டேன்.

"எப்பருந்துலே?" என்றாள் அம்மா.

"ஒண்ணாந் தேதிலருந்து. காமாலம்மா. இப்போ கொறஞ்சிருச்சு. சண்டைக்கும் எனக்கும் இப்போ சம்பந்தமே இல்ல. நீ போய்க் காப்ப அவுத்துரு."

"ஒண்ணாந் தேதிதான்லே நான் நேந்துகிட்டேன்."

"சரி, அதுக்கு?"

"அதுக்கா? நான் கேட்ட அன்னைக்கே ஆத்தா உன்னய மஞ்சளாக்கி அங்கருந்து தூக்கிட்டாய்யா. கேட்டத மொதல்லயே குடுத்துட்டா. இனிமே எறங்காம இருக்க முடியுமா? முந்தியாவது பயமா இருந்துச்சு. இப்போ இல்ல."

போனை வைத்துவிட்டாள். புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு நானே முடிச்சை இறுக்கிவிட்டேன். யாரிடம் சொல்ல? அப்பாராவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் இப்படித்தான் என்றார்.

மார்ச் 20
அப்பாராவை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் ஸ்ட்ரெச்சர். கையைப் பிடித்து ஏதோ சொன்னார், வேகமான தெலுங்கு, பாதி புரியவில்லை. கட்டிலில் புது விரிப்பு போட்டுவிட்டார்கள்.

அம்மாவிடம் மறுபடி. எப்படியாவது லீவு வாங்கி வந்து, உனக்குப் பதிலாக நான் இறங்குகிறேன் என்றேன். கறி இல்லை, எண்ணெய் இல்லை, வெறும் கஞ்சி. இதைவிட விரதம் யார் இருந்திருக்கிறார்கள்?

"அது டாக்டரு சொன்ன பத்தியம்லே. ஆத்தாள நெனச்சா இருந்த?"



நாள் முழுக்க வேறு யாரோடும் பேசவில்லை. கடைசியில் மருந்து கொண்டுவந்த ஆளிடம் மணி கேட்டேன். என் மணிக்கட்டிலேயே கடிகாரம்.

மார்ச் 21
நான்கு வாரம் சிக் லீவு. வீட்டில் ஓய்வு, பிறகு யூனிட்டுக்கு. வெயிலில் நிற்காதே, கொழுப்பு தொடாதே என்றார் மேஜர் மேடம். தலையாட்டினேன். டிக்கெட் கிடைத்துவிட்டது. பூக்குழி அன்று காலையில் மதுரை.

நேரில் போய்க் காலில் விழுந்தாவது தடுக்க வேண்டும். வருவதை லட்சுமிக்கு மட்டும் சொன்னேன்.

மார்ச் 23
ரயில். எதிர் சீட்டுக்காரர் சண்டையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். தெரியாது என்றேன். ரகசியம் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தோளில் தட்டினார். மேல் பெர்த்தில் ஏறிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மார்ச் 24
மதுரையிலிருந்து பஸ். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மலை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பால்கோவா நெய் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. பையோடு கோவிலுக்கு.

எங்கே பார்த்தாலும் மஞ்சள் சேலை, மஞ்சள் வேட்டி. நான் வேறு அதே நிறத்தில். லட்சுமிதான் என்னைக் கண்டுபிடித்தாள். என்ன இப்படி இளைத்துவிட்டீர்கள் என்று அழுதாள். வரிசையைக் காட்டினாள்.

அம்மா ஈர மஞ்சள் சேலையில், கையில் வேப்பிலை. நின்றுகொண்டே ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தரை சூடு. புண்ணில் மஞ்சளை அப்பியிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் முகத்தைத் தொட்டாள். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

"வேண்டாம்மா. வா, வீட்டுக்குப் போவோம்."

"சாப்பிட்டியா?"

"அம்மா, சித்தப்பா கால எடுத்தது மறந்துபோச்சா?"

"மறக்கல." வரிசை நகர்ந்தது. அம்மாவும் நகர்ந்தாள். "இங்கன நிக்காத, தள்ளுவானுக. அங்கிட்டு எதுத்தாப்புல போய் நில்லுய்யா. உன்னயப் பாத்துகிட்டே வந்துருதேன்."

தடுக்க வந்தவன். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். எடை இருக்காது, தூக்கிக்கொண்டே போயிருக்கலாம். அவள் சொன்னபடியே கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். மூச்சு வாங்கியது. பூக்குழிக்கு அந்தப் பக்கம் கயிறு கட்டியிருந்த இடத்தில் ஒருவரை விலக்கி முன்னால் போய் நின்றேன். முகத்தில் அனல். அவளுக்குத் தெரிய வேண்டுமே என்று கையைத் தூக்கினேன்.

அம்மா இறங்கினாள். கீழே பார்க்கவே இல்லை.