படையலில் வைத்த குப்பி

முதல் மணியிலேயே போனை எடுத்துவிடும் நாகப்பன் அண்ணாச்சிக்கு,

நீங்கள் போன பதினாறாம் நாள் காரியத்தில், அந்த அடியந்திரத்தில் நடந்ததை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

உங்கள் வலியசாலை வீட்டுக்கு நம் மீட்டிங் ஆட்கள் எல்லாரும் வந்திருந்தோம். குடியை விட்டவர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்தால், சம்பள உயர்வு கேட்க வந்த யூனியன்காரர்கள் மாதிரிதான் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து வந்த உங்கள் தம்பி படையல் போட்டார். போனவருக்குப் பிடித்ததை எல்லாம் வைப்பது உங்கள் வீட்டு வழக்கமாமே. அவியல், ரசவடை, நேந்திரங்காய் வற்றல். கடைசியாக ஒரு பிராந்திக் குப்பியை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"எங்கண்ணனுக்கு இது இல்லாம எப்பிடி?" என்று அழுதார், பாவம். அவர் ஊரில் பார்த்த அண்ணன் குடித்துக்கொண்டிருந்தவர். நீங்கள் நிறுத்தி இத்தனை வருஷம் ஆனது அவர் மனசில் ஏறவே இல்லை.

எனக்குக் கோபம் வருவதற்குள் வாசனை வந்துவிட்டது. பூசை முடிந்ததும் படையலில் உள்ளதைப் பங்கிடுவார்கள் என்று நினைப்பு ஓடியது. வாயூறியது, அண்ணாச்சி. உங்கள் படத்துக்கு முன்னாலேயே!

எழுந்து தெருவுக்கு வந்தேன். கை பழக்கத்தில் உங்கள் நம்பரைப் போட்டது. உங்கள் அறைக்குள் மணி அடிப்பது வெளியே கேட்டது. நான் கட் பண்ணுவதற்குள் உங்கள் வீட்டம்மா எடுத்துவிட்டார்.

"எங்க நிக்கிய?"

"வாசல்லதான், மதினி."

"அங்கயே நில்லுங்க. வாறேன்."

நீங்கள் எப்போதும் சொல்கிற அதே வார்த்தைகள். எத்தனை தடவை பக்கத்தில் இருந்து கேட்டிருப்பார்?

குடியை விடு என்று டாக்டர் சொன்னபோது நான் கேட்டேனா? என் மனைவி அழுதபோது கேட்டேனா? நீங்கள் மட்டும்தான் பார் வாசலுக்கே வந்து நின்று, "எனக்கும் இப்ப ஒண்ணு போடணும்போல இருக்குடே. வா, சாயா குடிப்போம்" என்றீர்கள். அந்த "எனக்கும்" தான் என்னை அங்கிருந்து நகர்த்தியது.

மதினி வரும்போது கையில் குப்பி இருந்தது. பின்னாலேயே உங்கள் தம்பி, "மைனி, அண்ணன் ஆத்மா..." என்று பதறிக்கொண்டு வந்தார்.

"கொழுந்தனாரே, அவரு பாடுபட்டு விட்டதை நீங்க கொண்டுவந்து வைக்கப்பிடாது" என்று சொல்லி, தெரு ஓடையில் கவிழ்த்துவிட்டார்.

படையலில் குப்பி இருந்த இடத்தில் நம் ஆட்டோ பாபு ஒரு கிளாஸ் பால் விடாத கட்டன்சாயா கொண்டுபோய் வைத்தான். "அண்ணாச்சிக்கு இதல்லே இஷ்டம்?" என்றான். உங்கள் தம்பி தலையை ஆட்டிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன்.

இதை எழுதும்போதே போன் அடிக்கிறது. மீட்டிங்குக்குப் புதிதாக வருகிற ஒருவர். குடிக்கத் தோன்றினால் யாரைக் கூப்பிடுவது என்று தயங்கினார், என் நம்பரைக் கொடுத்திருந்தேன். மீதியை எழுத நேரமில்லை. இனி என் போன் இரண்டாவது மணி அடிக்காது, அண்ணாச்சி.

"எங்க நிக்கிய?" என்று கேட்கப் போகிற,
உங்கள் கணேசன்