இன்றைக்குப் பிறந்த பல்சக்கரம்

நைனா,

இதனால் கருங்குழி பொதுமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: நம் வூட்டு டேபிள் ஃபேன் இன்று காலை, இட்லி வெந்துகொண்டிருந்த நேரத்தில், புகை கக்கி இயற்கை எய்தியது.

மோட்டார் காயில் கம்பி கருகிய வாடை இன்னும் போகவில்லை. லீவில் வரும்போது உன் பையைத் திறந்தால் வருமே, அதே வாடை. அந்த ஃபேனுக்குள் ஓடியது எதிர் வூட்டு ஃபேனின் மோட்டார். நீதான் கழற்றி மாட்டினாய். "ஆளு புதுசு, உசுரு பழசு" என்று சிரித்தாய். ஃபேன் போனதற்கு யாராவது பயப்படுவார்களா? நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் கப்பலிலும் இதே வேலைதான். மணலில் ஏறி நின்று, வாயைத் திறந்து லாரிகளைத் துப்பும் கடற்படைக் கப்பல். புது சாமான் கிடைக்காது. ஓய்வு கொடுத்த, இதே அச்சில் கட்டிய ஜோடிக் கப்பலிலிருந்து கழற்றி வந்து மாட்டுவீர்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "கப்பலுக்குத்தான்டா ஜாதகம் எழுதுறானுங்க, சாமானுக்கு இல்ல. அந்தக் கப்பலை உடைச்சா ஜாதகமும் போச்சு. இங்க மாட்டுனா அது இன்னைக்குப் பொறந்த கொயந்த." அதை நான் பள்ளிக்கூடம் முழுக்க ஜோக்காகச் சொல்லித் திரிந்தேன்.

உன்னை மஞ்சள் காமாலை கொண்டுபோன பிறகு அண்ணன் கடற்படையில் சேர்ந்தான். போட்டதும் உன் கப்பலிலேயே. போன வாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினான். கரையேறும்போதே பின்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு வருவார்களாம். திரும்பும்போது அந்தக் கம்பி வடத்தைச் சுருட்டித்தான் கப்பல் தன்னை மணலிலிருந்து இழுத்துக்கொள்ளுமாம். சுருட்டும் இயந்திரத்தின் பல்சக்கரம் ஜோடிக் கப்பலுடையது. எத்தனை வருஷம் உழைத்ததென்று யாருக்கும் தெரியாது. மேலதிகாரியிடம் கேட்டதற்கு, சோதித்தாகிவிட்டது, போய் வேலையைப் பார் என்றாராம். பல் உடைந்தால் வடம் பிய்த்துக்கொண்டு ஓடும். அறுந்தால் சாட்டை மாதிரி அடிக்கும். அதன் பக்கத்தில் நிற்பதுதான் அண்ணனின் வேலை.

"அம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்காத" என்றான்.

நேற்று மாமல்லபுரத்துக்கு வடக்கே கப்பல் கரையேறும் ஒத்திகை. கப்பல் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அம்மாவைக் கூட்டிப்போனேன். பையன் முகம் தெரியுமா என்று பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தாள். கரையில் நின்ற பசங்களுக்கு நான் வர்ணனை கொடுத்தேன்: இது வாய், அது வால், வாலில் நிற்பது எங்கள் வூட்டு வால். கப்பல் மணலில் ஏறியது. லாரிகள் இறங்கின. வாய் மூடியது. வடம் இறுகியது.

கப்பல் நகரவில்லை. கிறீச்சென்று ஒரு சத்தம்.

"இன்னா, மாட்டிக்கிச்சா?" என்றார் பக்கத்தில் இருந்த மீனவர்.

அம்மா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "அந்தப் பழைய சக்கரமாடா?" என்று மட்டும் கேட்டாள். உன் கப்பல் கதையெல்லாம் கேட்டுக்கொண்டு உன்னோடு அத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளிடம் போய் நாங்கள் மறைத்திருக்கிறோம்.

கப்பல் எப்படியோ நகர்ந்து பத்திரமாகத் துறைமுகம் சேர்ந்துவிட்டது, நைனா. அண்ணன் ராத்திரி போன் செய்தான், சிரிக்கவில்லை. சக்கரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த ஒத்திகை எப்போதென்று நானும் கேட்கவில்லை.

கப்பல் மணலை விட்டுக் கிளம்பியதும் நான் விசிலடித்தேன், அண்ணன் எனக்கு சல்யூட் வைத்தான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் சொன்னால் என்ன? வடம் இறுகியதிலிருந்து நான் கண்ணையே திறக்கவில்லை. அம்மா என் சட்டையை விட்டபோதுதான் கப்பல் நகர்ந்ததே எனக்குத் தெரியும். அதற்கப்புறமும், பஸ் ஏறும்வரை, அவள் முந்தானையை நான் விடவில்லை.