புரொஜெக்டர் முன்னால் என் கை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொலுவிருக்கும் தங்கைக்கு,

நம் மயிலாப்பூர் பங்குக் கோவிலின் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு எந்தப் படம் ஆகும், எது ஆகாது என்று தீர்ப்பு வழங்கும் மாமன்னன் நான்தானே? ஆகாத காட்சி வந்தால் புரொஜெக்டர் முன்னால் என் பொற்கரத்தை நீட்டி மறைத்துவிடுவேன். சூரியனையே மறைத்த கை இது.

ஞாயிற்றுக்கிழமை திமிங்கலப் படம். கடல் நல்ல நீலமாக இருந்ததைப் பார்த்து அனுமதி கொடுத்திருந்தேன். திடீரென்று அம்மா திமிங்கலம் வலையில் மாட்டிக்கொண்டது. முதல் வரிசையில் உன் சான்ட்ரா! நீ வெளியூர் போயிருக்கிறாய் என்று நாம் சொல்லிவைத்த சான்ட்ரா. பாய்ந்து கையை நீட்டிய நான், எடுக்கவே இல்லை. இருட்டில் பிள்ளைகள் போட்ட கூச்சல் சைதாப்பேட்டை வரை கேட்டிருக்கும்.

உன் மகள் எழுந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கைய எடுங்க மாமா! அம்மா பொழைச்சுதா இல்லையான்னு பாக்கணும். எங்கம்மா ஆஸ்பத்திரில இருக்கறதும் எனக்குத் தெரியும்."

என் சிம்மாசனம் கவிழ்ந்தது. படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். வலை அறுந்து, அம்மா திமிங்கலம் முதுகில் தழும்போடு நீந்தி வந்தது. சான்ட்ரா எழுந்து நின்று கைதட்டினாள். நீ போனதிலிருந்து சோற்றைத் தொடாமல் கிடந்தவள், வீட்டுக்கு வந்து முந்நூறு தோசை தின்றாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னபோதுகூட வராத மூச்சு, எனக்கு அப்போதுதான் வந்தது.

நாளை அழைத்து வருகிறேன். தையலைக் காட்டச் சொல்வாள். போர்வையை இழுத்து மூடாதே.

பதவி பறிபோன,
உன் அண்ணன்