அத்தை போட்ட கையெழுத்து

பள்ளங்கி

அன்பு மகள் தாரணிக்கு அப்பா எழுதுவது. பழனியாண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. இங்கே விடாமல் சாரல், பூண்டைக் காயப்போட வழியில்லை, அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. போனில் சொன்னால் நீ நடுவிலேயே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், எனக்கும் சொல்ல வந்தது மறந்துவிடும், அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

உன் நாவல் வந்ததில் எனக்கிருந்த பெருமை ஊருக்கே தெரியும். செண்பகனூர்க் கடையில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்று பஸ்ஸைத் தவறவிட்டவன் நான். ஆனால் அட்டையில் ‘பள்ளங்கி மலையில் நடந்த உண்மைக் கதை’ என்று போட்டிருக்கிறார்களே, அதுதான் குடும்பத்தைக் கலைத்துவிட்டது. உன் கதையில் ஒருத்தி குடிகாரப் புருஷனைக் கேரட் காட்டு மேட்டிலிருந்து தள்ளிவிடுகிறாள். உன் மாமாவும் மழையில் கால் வழுக்கி அப்படி ஒரு மேட்டிலிருந்து விழுந்துதான் செத்தார். உண்மை என்று போட்டபின் ஊர் யாரைப் பார்க்கும், அவர் பெண்டாட்டியான என் அக்காவை, உன் சின்னத்தாயி அத்தையைத்தானே. அவள் மகள் சௌம்யாவைப் பேசி முடித்திருந்த ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் வந்து, பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க, ஆனா தாயப் பத்திப் புத்தகமே வந்துருச்சே என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல் போனார்கள். அன்றிலிருந்து சௌம்யா நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

பதிப்பகத்தாருக்கு நானே போன் போட்டேன். நாவல்னு மட்டும் போட்டா யாருங்கய்யா கையில எடுப்பா, உண்மைன்னு போட்டதுனாலதான் ரெண்டாம் பதிப்பே வருது என்றார். உன்னிடம் கேட்டதற்கு, எழுதி முடிச்சதும் அது என்னுது இல்லப்பா, படிக்கிறவங்க எடுத்துக்கிறதுதான் அர்த்தம் என்றாய். படித்தவள் சொல்வதில் ஏதோ இருக்கும். ஆனால் விற்கிறவர் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார், படிக்கிறவர்கள் தங்கள் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்கள், இத்தனை பேர் எழுதியதை உன் அத்தை ஒருத்தி சுமந்துகொண்டு திரிகிறாள். அட்டையில் இருப்பது உன் பெயர்தானே அம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். கொடைக்கானல் பார்க்க வந்த சென்னைக்காரர்கள் சிலர் உன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழி கேட்டு அத்தை வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒழுகுகிற தகரத்தை மாற்ற நானும் அங்கேதான் இருந்தேன். அதில் ஒரு பெண், அந்த அம்மா நீங்கதானே, என்ன துணிச்சல், உங்களைக் கும்பிடணும் போல இருக்கு என்று சொல்லி முதல் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டாள். விரட்டிவிடலாம் என்று கூரையிலிருந்து இறங்கினேன், அத்தை தடுத்துவிட்டாள். மொதல்ல நான் சொல்றத எழுதும்மா, அப்புறம் போட்டுத் தாரேன் என்றாள். அந்தப் பெண் ஆசையாகப் பேனாவைத் திறந்தாள். எம் புருசன நான் கொல்லல, வழுக்கித்தான் விழுந்தாரு, அப்படின்னு எழுது என்றாள் அத்தை. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் எழுதினாள். அத்தை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் போட்டாள். வந்தவர்கள் புத்தகத்தைத் தண்ணீர்த் தொட்டி மேலேயே வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அத்தை அதை அடுப்பில் போடுவாள் என்றுதான் நினைத்தேன். ஏலே, அப்படி என்னதான் எழுதியிருக்கா, வாசி என்றாள். உட்கார்ந்து வாசித்தேன். புருஷன் செத்தபிறகு அடி உதை இல்லாத முதல் ராத்திரியில் நன்றாகத் தூங்கிவிட்டதற்காக உன் கதைப் பெண் வெட்கப்படுகிறாளே, அந்த இடம் வந்ததும் அத்தை தேம்பிவிட்டாள். இத நான் யார்ட்டயும் சொன்னதில்லயே, அவளுக்கு எப்படிலே தெரிஞ்சுச்சு என்றாள்.

ரெண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகுமுன் அட்டையில் இருக்கிற அந்த உண்மை என்கிற வார்த்தையை எடுக்கச் சொல், நீ சொன்னால்தான் கேட்பார்கள். சௌம்யாவிடம் வெரசாப் பேசு, திட்டினால் வாங்கிக்கொள். காதை மூடாமல் பனியில் இறங்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். முருகன் உன்னையும் மாப்பிள்ளையையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். அத்தை கேட்டதற்கான பதிலை எனக்கு எழுத வேண்டாம், அவளைக் கூப்பிட்டு அவளிடமே சொல்.

உன் நல்லதையே நினைக்கும் அப்பா,
செல்லப்பாண்டி